ஆணி அடிக்கக் கூடாத கூரை

எங்கள் நாடகக் குழுவில் மழைக்கு ‘ஓசி டிக்கெட்’ என்று பெயர். காசு கொடுக்காமல் உள்ளே வரும், முன்வரிசையில் உட்காரும், போ என்றால் போகாது. பெயர் வைத்தவன் எங்கள் மொட்டைத்தலைக் கோமாளி ஃபீஃபி. அந்த ஓசி டிக்கெட்டை மேடைக்கு வெளியே நிறுத்தி வைத்தவள் அராபா. அவள் மேடையில் ஒரு வசனம்கூடப் பேசியதில்லை. ஆனாலும் அவள் இல்லாமல் எங்கள் நாடகம் எதுவும் முடிவுவரை நடந்ததில்லை.

கானாவின் கடற்கரையில், வின்னேபாவைத் தாண்டி மேற்கே போனால், மீன் புகை படியாத சுவரே இல்லாத ஊர் எங்களுடையது. நான் பகலில் பள்ளி வாத்தியார், மாலையானால் குழுவில் கிட்டார். ஊர் ஊராகப் போய், மதுக்கடை முற்றங்களில் மேடை போட்டு ஆடுவோம். நான்கு பக்கமும் சுவர் இருக்கும், மேலே வானம்தான் இருக்கும். முதலில் பாட்டு, பிறகு கோமாளி, அப்புறம் நாடகம். மூன்றில் எது நடந்துகொண்டிருந்தாலும் மேகம் வந்துவிடும்.

அராபா எங்களிடம் முதலில் வந்தது முற்றத்தின் ஓரத்தில் பொரித்த மீனும், புளித்த மக்காச்சோள மாவில் அவித்த கென்கே உருண்டையும் விற்பதற்காக. ஒருநாள் பாட்டின் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒலிபெருக்கியைத் தூக்குவதா, மேளத்தைத் தூக்குவதா என்று ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டிருந்தோம். அவள் தன் மீன் தட்டுகளை மூடியிருந்த பாலித்தீன் தாளை உருவிக்கொண்டு வந்து ஒரே வீச்சில் ஒலிபெருக்கி, மேளம், என்னையும் சேர்த்து மூடிவிட்டாள்.

“அம்மா, உன் மீன் நனையுதே!” என்று ஃபீஃபி கத்தினான்.

“மீனு தண்ணியில பொறந்ததுதானே, மொட்டை. உங்க பெட்டிதான் நனைஞ்சா செத்துப்போகும்” என்றாள்.

அடுத்த வாரமே அவளைக் குழுவில் சேர்த்துக்கொண்டோம்.

அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தேமா துறைமுகத்தில் இறங்கிய ஏதோ ஒரு பெரிய எந்திரத்தைச் சுற்றி வந்தது அது. துறைமுகக் காவலாளி ஒருவனுக்கு ஒரு கூடை புகைமீன் கொடுத்து வாங்கியிருந்தாள். பாலாடை நிறம், செருப்புத் தோல் போலத் தடிமன், விரித்தால் ஒரு மீன்பிடிப் படகையே மூடலாம். நாலு மூங்கிலை நட்டு, பின்பக்கம் தாழ்வாகச் சாய்த்துக் கட்டினால் அது மேடைக்குக் கூரை. வழியும் தண்ணீரைப் பீப்பாயில் பிடித்து மறுநாள் நடிகர்களின் முகச்சாயம் கழுவக் கொடுப்பாள். கொலைக் காட்சியில் சிவப்புச் சாயம் கொட்டுமென்றால் இன்னொரு துண்டைத் தரையில் விரிப்பாள். காட்சி முடிந்ததும் நாலு மூலையையும் பிடித்துச் சுருட்டி எடுத்துப் போனால் மேடையில் கொலை நடந்த தடயமே இருக்காது. பின்னால் ஒரு விளக்கை வைத்துத் தாளைத் தொங்கவிட்டால் செத்துப்போன தகப்பன் ஆவியாக வருவான். அப்படி வந்த ஆவி எப்போதும் ஃபீஃபிதான். மொட்டைத்தலை நிழலைப் பார்த்துப் பெண்கள் பிள்ளைகளை இறுகப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துத் தாழ்வாக அலைத்தால் கடல். இழுத்துப் பிடித்த தாளின்மேல் மணலைத் தூவினால் தூறல், பருத்த மக்காச்சோளத்தைத் தூவினால் பேய்மழை. உதறினால் இடி.

ஒருமுறை அவள் உதறிய இடியைக் கேட்டு வெளியே காயப்போட்ட துணியை எடுக்க ஓடிய பெண்களை நானே பார்த்திருக்கிறேன்.

வேலையில் அவளுக்குச் சில கண்டிப்புகள் உண்டு. மண்ணெண்ணெய் விளக்கைத் தாளுக்குப் பக்கத்தில் யாராவது கொண்டுபோனால் அடிக்கவே கை ஓங்குவாள். உப்புக்காற்றில் இருந்த தாளை நல்ல தண்ணீரில் கழுவாமல் மடிக்க விடமாட்டாள். மடித்த கோட்டிலேயே மறுபடி மடித்தால் அங்கேதான் கிழியும் என்று ஒவ்வொரு முறையும் மடிப்பை மாற்றுவாள். கிழிசல் விழுந்தால் இரு ஓரத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, மேலே செய்தித்தாளைப் போட்டு, காய்ச்சிய கத்தியின் தட்டைப் பக்கத்தால் மெல்லத் தேய்ப்பாள். ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகள் அதற்குள் புகுந்து விளையாடினால் மட்டும் அவள் முகமே மாறிவிடும். “மூச்சு முட்டிச் செத்தா உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்?” என்று காதைப் பிடித்து வெளியே இழுப்பாள்.

வீட்டிலும் அவளுக்கு அதே தாள்தான். மெத்தைக்குக் கீழே ஒரு துண்டு, மக்காச்சோள மாவுப் பீப்பாய்க்கு ஒரு மூடி, வடக்கிலிருந்து பாலைவனத் தூசிக் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலுக்கு ஒரு திரை. மழைக்காலத்தில் கட்டிலுக்கு மேலே ஒரு பெரிய துண்டு. கட்டிலுக்கு மேலே எதற்கு என்று கேட்பவர்கள் அந்த வீட்டின் கூரையைப் பார்த்ததில்லை.

அது அவளுடைய தாய்வழிக் குடும்பத்தின் வீடு. பாட்டியின் அண்ணன் படகும் வலையுமாக வாழ்ந்த காலத்தில் கட்டியது. எங்களில் பிள்ளைகள் தாயின் குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், சொத்தும் அந்த வழியில்தான் இறங்கும். அந்த வீடு ஒரு ஆளுக்குச் சொந்தமானதல்ல. செத்தவர்கள், இருப்பவர்கள், இனிப் பிறக்கப்போகிறவர்கள் எல்லாருக்கும் பொது. இருப்பவர்களில் பாதிப்பேர் அக்ராவில், கால்வாசி ஜெர்மனியில். அந்த வீட்டில் படுத்து எழுந்தவர்கள் அராபாவும் அவள் மகள் எக்குவாவும் மட்டும்தான். தகரம் துருப்பிடித்துச் சல்லடையாகியிருந்தது. பகலில் உள்ளே படுத்தால் நட்சத்திரம் பார்க்கலாம் என்று ஃபீஃபி சொல்வான்.

எங்கள் குழு ஒரு நல்ல வருஷம் கண்டது. அராபா தன் பங்கில் புதுத் தகரம் வாங்கினாள். தன் அறைக்கு மேல் மட்டும் போடப் போதுமான தகரம். தச்சனை அழைத்து வந்தாள். அவன் வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஏணியில் நின்ற நேரம், தொலைவிலுள்ள தகோராடி நகரத்திலிருந்து வாடகைக் காரில் வந்து இறங்கினார் அன்சா மாமா. அவள் தாயின் கூடப்பிறந்தவர், குடும்பத் தலைவர். தகோராடியில் சிமெண்டுத் தளம் போட்ட வீட்டில் இருக்கிறவர். யார் சொல்லி அனுப்பினார்களோ தெரியாது. எங்கள் ஊரில் ஒரு ஆணியின் ஓசை தகோராடிவரை கேட்கும்.

“இறங்குடா கீழே” என்றார் தச்சனிடம். வாயில் ஆணி இருந்ததால் அவனால் பதில் சொல்ல முடியவில்லை. இறங்கினான்.

“மாமா, என் ரூமுக்கு மேல மட்டும்தான். ஒழுகுது” என்றாள் அராபா.

“அடியே, உன் ரூமா? எந்தக் காலத்துலேர்ந்து அது உன் ரூம் ஆச்சு?”

“நான் பொறந்த ரூம், மாமா.”

“பொறக்கலாம். படுக்கலாம். சாகலாம். ஆணி அடிக்கக் கூடாது. இன்னிக்கு நீ ஆணி அடிப்பே, நாளைக்கு உன் மக ‘எங்கம்மா போட்ட கூரை, எங்கம்மா வீடு’ன்னு கோர்ட்டுல நிப்பா. பக்கத்துத் தெருவுல பார்க்கலே? ஒரு சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவன் இன்னிக்கு மொத்த வீட்டையும் கேக்கறான்.”

“எழுதித் தர்றேன் மாமா. வீடு எனக்கு வேணாம். காய்ஞ்ச இடம்தான் வேணும்.”

“உங்க அம்மாவும் இப்படித்தான் சாதுவா பேசுவா. கூரை போடணும்னா குடும்பம் கூடிப் போடும்.”

“குடும்பம் எப்ப கூடும்?”

“கூடும்போது கூடும்.” கிளம்பும்போது காரின் கதவைப் பிடித்துக்கொண்டு அவராகவே இரங்கி ஒரு வழியும் சொன்னார்: “அந்த நாடக ஷீட்டு வெச்சிருக்கியே, அதை வேணா மேல விரிச்சுக்கோ. கல்லு வெச்சுக்கோ. கல்லுக்கு நான் எதுவும் சொல்லமாட்டேன்.”

இதுதான் விதி. ஆணி அடித்தால் உரிமை, கல் வைத்தால் உரிமையில்லை. தகரங்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றன. தச்சன் வந்த கூலியையும் வாங்காமல் போனான்.

நான் நியாயமாகவே எழுத முயல்கிறேன். ஒரு காலத்தில் இந்த விதியில் அறிவு இருந்தது. பணம் படைத்த ஒருவன் பொதுவீட்டில் நாலு கல்லை அடுக்கிவிட்டு ஏழைத் தங்கைகளைத் துரத்தாமல் இருக்க, முன்னோர்கள் போட்ட வேலி அது. அந்த வேலி இப்போது அந்த ஏழைத் தங்கையின் தலைமேல்தான் விழுந்து கிடக்கிறது. ஏன் போட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் முன்னோர்கள் கோபித்துக்கொள்வார்களாம். முன்னோர்கள் செத்துப் போனவர்கள், அவர்களுக்குச் சளி பிடிக்காது.

“வேறு வீடு பார், நான் வாடகைக்கு இடம் சொல்கிறேன்” என்று நான் அவளிடம் சொன்னேன். ஒருமுறையல்ல.

“வாத்தியாரே, நான் வெளிய போனா அன்னிக்கே ரூமைப் பூட்டிடுவாங்க. அப்புறம் எக்குவா எங்க போவா? அவ அப்பா வீட்டுல அவளுக்கு ஒண்ணும் கிடையாது. இந்த வீட்டுல ஒரு மூலை, அது என் உடம்பு அங்க கிடக்கற வரைக்கும்தான். உடம்பை எடுத்தா மூலையும் போச்சு.”

இதை அவள் அழுது சொல்லவில்லை. தாளின் கிழிசலைக் கத்தியால் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

அப்படித்தான் ஒரே தாள் இரண்டு இடத்தில் வேலை செய்ய ஆரம்பித்தது. ஆட்டம் உள்ள நாளில் அவளே ஏணி வைத்து ஏறிக் கற்களை இறக்கி, தாளைச் சுருட்டி வண்டியில் போடுவாள். ஆட்டம் முடிந்து திரும்பியதும் மறுபடி கூரைமேல் விரிப்பாள். பழைய வலையை மேலே போட்டு, வலையின் ஓரங்களில் கற்களைத் தொங்கவிட்டு, காற்றைச் சமாளிக்கப் பார்த்தாள். ஃபீஃபி கீழே நின்று கிண்டல் செய்வான்.

“அக்கா, இது கூரையா, மீன் பிடிக்கப் போறியா?”

“மேல பறக்கற உன் அறிவைப் பிடிக்கத்தான். சிக்கவே மாட்டேங்குது.”

ஒருநாள் அவன் வேறொன்றும் சொன்னான். எங்களிடம் ஒரு பழமொழி உண்டு: குடும்பம் பிணத்தைத்தான் காதலிக்கும். அதை வைத்துத்தான். “அக்கா, ஒரு வாரம் செத்துப்போயேன். குடும்பம் கூடிடும், கூரை வந்துடும். அப்புறம் நான் வந்து ஆவியை எழுப்பிவிடறேன்.” அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நேரமாயிற்று.

இருமல் அந்த மழைக்காலத்தின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்று மருந்து கொடுத்தார்கள். ஈரம் படாமல், சூடாகப் படுத்திருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். மருந்தை அவளால் வாங்க முடிந்தது. ஈரம் படாமல் இருப்பதுதான் அவள் குடும்பம் கொடுக்க வேண்டிய மருந்து.

மழைக்காலம் முழுவதும் தாள் அவள் கூரையிலேயே இருக்கட்டும் என்று குழுவில் எல்லாரும் முடிவு செய்தோம். மேடைக்கு ஒரு பழைய தார்ப்பாய் கிடைத்தது. அது ஓட்டை. ஓசி டிக்கெட் தாராளமாக உள்ளே வந்தது. நாங்கள் நனைந்துகொண்டே ஆடினோம். அராபா மூன்றாம் நாளே கம்பளியைப் போர்த்துக்கொண்டு வந்து நின்றாள்.

“என்ன இது, நாடகமா, மீன் கழுவறீங்களா? தார்ப்பாயை நடுவுல தூக்கிக் கட்டுங்கடா, முட்டாளுங்களா!”

“நீ போய்ப் படு அக்கா” என்றான் ஃபீஃபி.

“படுத்தா பெட்டி நனையற சத்தம் காதுல கேக்குது.”

எக்குவா தகோராடிக்குப் போய் அன்சா மாமாவிடம் பேசினாள். தாயின் உடம்பைச் சொன்னாள். அக்ராவிலுள்ள பெரியம்மா மகன்களுக்கும் தொலைபேசினாள். எல்லாரும் கனிவாகத்தான் பேசினார்களாம். ஒருவர் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவள் பெயரைச் சேர்ப்பதாகச் சொன்னார். ஜெர்மனியிலிருந்த ஒருவர் கிறிஸ்துமஸுக்கு வரும்போது பேசலாம் என்றார். அன்சா மாமா மட்டும் நேராகச் சொன்னார்: “தகரம் விஷயத்தை மறுபடி எடுக்காதே. உன் வயசுக்கு அது நல்லதில்ல.” எக்குவா திரும்பி வந்து என்னிடம் சொன்னபோது அவள் குரலில் கோபம்கூட இல்லை. அப்படி ஒரு பதிலுக்கு அவள் ஏற்கெனவே பழகியிருந்தாள். எனக்கு அதுதான் அதிகக் கோபத்தை மூட்டியது.

நானே ஆணி அடித்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். அராபா கட்டிலிலிருந்து எழுந்து கதவை மறித்து நின்றாள்.

“வேணாம் வாத்தியாரே. நீங்க அடிச்சா, வெளியாளை விட்டு நாங்க வீட்டைப் பிடிச்சோம்னு சொல்லி எக்குவாவை வெளிய தள்ளுவாங்க. எனக்கு மழை ரெண்டு மாசம். அவளுக்கு ஆயுசு பூராவும்.”

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத ஒரு சட்டம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஜூன் மாதத்தில் கடலிலிருந்து ஒரு சூறைக்காற்று வந்தது. ஊரில் பல கூரைகள் போயின, ஆணி அடித்தவைகூட. அராபாவின் கூரைக்குக் காற்று அதிகம் சிரமப்படவில்லை. வலை ஒருபக்கம் தூக்க, கற்கள் உருண்டு விழ, தாள் பாய்போலப் புடைத்துக்கொண்டு போய்விட்டது. காலையில் நானும் ஃபீஃபியும் போனபோது அறைக்குள் கணுக்காலளவு தண்ணீர். கட்டிலுக்கு மேலே கட்டியிருந்த துண்டும் கனம் தாங்காமல் அறுந்து கிடந்தது. அராபா மாவுப் பீப்பாயின்மேல், சுவரோரமாக, எக்குவாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்குக் கீழிருந்த சின்னத் துண்டை இருவரும் தலைக்குமேல் பிடித்திருந்தார்கள்.

“ஷீட்டு?” என்றாள் எங்களைப் பார்த்ததும்.

“கடற்கரையில தென்னை மரத்துல சிக்கியிருக்கு. எடுத்துடலாம்” என்றேன்.

“இழுக்காதீங்க. ஏறி அவுத்து எடுங்க. இழுத்தா கிழியும்.”

அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே கூரை நன்றாக இருந்தது. அந்த வாரமே அவள் இறந்தாள்.

குடும்பம் கூடிவிட்டது.

அடுத்த சனிக்கிழமைக்குள் நாலு கார்கள் வந்து நின்றன. உடலை நகரத்துப் பிணவறையில் குளிரூட்டி வைத்தார்கள். ஏழு வாரம் அங்கேயே இருக்கட்டும் என்றார்கள், வீட்டைச் சரிசெய்ய நேரம் வேண்டுமே. ஜெர்மனியிலிருந்தவர் கிறிஸ்துமஸ்வரை காத்திருக்காமல் விமானம் ஏறினார். சுவர்களுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார்கள். ஜன்னல்களுக்குக் கண்ணாடி வந்தது. கூரைக்கு லாரி நிறைய அலுமினியத் தகடு வந்து இறங்கியது. அதே தச்சன், கூடவே மூன்று பேர். தெருமுனையிலிருந்த பள்ளியில் பாடம் நடத்த முடியாத அளவுக்கு ஆணிச் சத்தம்.

நான் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு நேராக அங்கே போனேன். அன்சா மாமா குடைக்குக் கீழே நாற்காலி போட்டு மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஆணி அடிக்கிறீங்க போல” என்றேன்.

“குடும்பம் அடிக்குது. தனி ஆள் அடிச்சாத்தான் தப்பு.”

“அவ உயிரோட இருந்தப்பவே குடும்பம் அடிச்சிருக்கலாமே?”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். படித்தவனுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற பரிதாபம். “வாத்தியாரே, உயிரோட இருக்கறவளைப் பார்க்க யாரு வருவா? நீங்க வருவீங்க, அந்த மொட்டை வருவான். இப்ப அக்ராவுலேர்ந்து வர்றாங்க, குமாசியிலேர்ந்து சம்பந்திங்க வர்றாங்க. உடம்பை நடுவீட்டுல கிடத்தி எல்லாரும் சுத்தி வரணும். மேல பார்த்தா வானம் தெரிஞ்சா எங்க மானம் என்ன ஆகறது?”

அவர் பொய் சொல்லவில்லை. கொடியவரும் அல்ல. அவர் மனதறிந்து ஒரு கோழியைக்கூடப் பட்டினி போடமாட்டார். ஆனால் மானம் என்ற ஒன்று பிறர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மட்டும் நனையும் என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்தே கற்பித்திருக்கிறார்கள். அவர் மட்டுமா? தெருவே வந்து கூரையை அண்ணாந்து பார்த்து, “அராபா கொடுத்து வெச்சவ” என்று சொல்லிவிட்டுப் போயிற்று.

அவள் வாங்கிய தகரங்கள் பின்சுவரில் சாய்ந்து நின்றன அல்லவா, அவற்றுக்கும் வேலை கிடைத்தது. சாவுக்கு வரும் கூட்டத்துக்கு ஒதுங்க இடம் வேண்டுமென்று, கொல்லையில் நாலு கம்பு நட்டு அந்தத் தகரங்களை அறைந்து ஆண்களுக்கு ஒரு மூத்திர மறைப்புக் கட்டினார்கள். அதற்கும் நல்ல நீளமான ஆணிகள்.

சுவரொட்டி அடித்தார்கள். அவள் படம், தங்க நிற ஓரம், ‘மேலுலக அழைப்பு’ என்று பெரிய எழுத்து. அழைத்தவர் ஆண்டவர் என்று கீழே குறிப்பு வேறு. ஆண்டவரைக் குற்றம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. இல்லாத ஒருவர்மீது பழி போடுவது எந்த நியாயம்? இருக்கிறவர்கள் பெயரெல்லாம் அதே சுவரொட்டியில் ‘துயரத்தில் வாடும் குடும்பத்தினர்’ என்ற தலைப்பின் கீழ் வரிசையாக இருந்தது.

இறுதிச் சடங்கு நாளில் வீடு உண்மையிலேயே அழகாக இருந்தது. பித்தளைக் கட்டிலில், சரிகைத் துணிகளுக்கு நடுவில், கழுத்து நிறைய மணிகளோடு அவளைக் கிடத்தியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அவள் படுத்த இடத்திலிருந்து பத்தடி தள்ளி. விடிகாலையில் மழை வேறு பெய்தது. ஒரு சொட்டு உள்ளே விழவில்லை. போதகர் எழுந்து, எல்லாம் அவன் சித்தம் என்றார். எக்குவா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து தாயின் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த அறை இனி உண்டா என்று முந்தின நாள் கேட்டிருந்தாள். “புதுக் கூரை போட்டிருக்கோம். விருந்தாளி ரூமா வெச்சுக்கலாம்னு பெரியவங்க நினைக்கறாங்க” என்று பதில் வந்திருந்தது.

நாடகக் குழுவின் சார்பில் யாராவது நாலு வார்த்தை பேசவேண்டும் என்றார்கள். ஃபீஃபி எழுந்தான்.

கறுப்புத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் நடந்து வந்ததுமே பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். இருபது ஊருக்குத் தெரிந்த மொட்டை அது. அவன் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

“பெரியவங்களே. அராபாக்காவை ஆண்டவர் கூப்பிடலை. கூரை ஒழுகிச்சு, அதனால செத்தாங்க.”

முன்வரிசையில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டார். பின்னால் சிரிப்பு எழுந்தது.

“இந்தக் கூரையை எப்பப் போட்டாங்க தெரியுமா? போன செவ்வாய்க்கிழமை. அக்கா செத்து ஆறு வாரம் கழிச்சு. அவங்களுக்கு மேல ஒழுகும்போது கல்லு வைன்னாங்க. இப்ப செத்தவளுக்குச் சளி பிடிக்கக் கூடாதுன்னு ஆணி அடிச்சிருக்காங்க.”

இப்போது கூட்டம் முழுக்கச் சிரித்தது. வீட்டுக்கு வெளியே நின்றவர்கள் என்னவென்று எட்டிப் பார்த்தார்கள்.

“அவங்களே ஆசையா தகரம் வாங்கினாங்க. அந்தத் தகரம் எங்கன்னு கேக்கறீங்களா? இப்பத்தான் அதுக்குப் பின்னால நின்னு துணியைச் சரிபண்ணிக்கிட்டு வர்றீங்க.”

ஆண்கள் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். குமாசிச் சம்பந்தி ஒருவர் நாற்காலியிலிருந்து சரிந்தே விட்டார். ஃபீஃபி ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“நான் வெளையாடலை” என்றான்.

மேடையில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் பிறகு அவன் சொல்லும் வாக்கியம் அதுதான். கூட்டம் அதற்காகவே காத்திருந்ததுபோல் வெடித்தது. “நான் வெளையாடலை” என்று பிள்ளைகளும் சேர்ந்து கத்தினார்கள். “சத்தியமா வெளையாடலை!” என்று அவன் குரல் உடைந்து கத்தியபோது, அதைவிடப் பெரிய நடிப்பை அவர்கள் பார்த்ததில்லை.

எங்கள் வழக்கப்படி, நன்றாகப் பாடுகிறவன், ஆடுகிறவன் நெற்றியில் பணத்தை ஒட்டுவோம். ஒரு கிழவி எழுந்து வந்து, நோட்டை நாக்கில் நனைத்து அவன் மொட்டை நெற்றியில் ஒட்டினாள். “அழ வந்த இடத்துல சிரிக்க வெச்சுட்டியே, பாவி மகனே” என்று கன்னத்தைத் தட்டினாள். அவள் பின்னாலேயே வரிசை சேர்ந்துவிட்டது. அன்சா மாமாவும் எழுந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருந்தார். புது நோட்டு ஒன்றைப் பிரித்து, மற்றவர்கள் ஒட்டியதற்கெல்லாம் நடுவில் அழுத்தி ஒட்டினார்.

“பலே! அவ கேட்டிருந்தா எவ்வளவு சிரிச்சிருப்பா!” என்றார்.

ஃபீஃபி அவரைப் பார்த்தபடியே நின்றான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அது வருவதற்கு முன்பே முன்வரிசை சிரித்துவிட்டது. அவன் வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

“கிட்டாரை எடு வாத்தியாரே” என்றான் மெதுவாக. “நான் பேசினா இவங்க சிரிப்பை நிறுத்தமாட்டாங்க.”

எக்குவா கால்மாட்டிலிருந்து தலை நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கிட்டாரை எடுத்து வாசித்தேன்.